கல் விழ இன்னும் ஆறு மாதம்: 'சால்வேஷன்' தொடரைப் புதிதாகப் பார்ப்பவருக்கு

2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம், தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் எங்கள் டோங்காட் ஊரில் பல மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை. வாளியும் கேனும் எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்போம். காலை ஆறு மணிக்கு வரும் என்பார்கள், பதினோரு மணி ஆகும். நாளை வராது என்பார்கள், ராத்திரியே வந்து போயிருக்கும். லாரி எப்போது வரும் என்பது யாரோ ஒருவருக்கு எங்கோ ஓர் அலுவலகத்தில் தெரியும், எங்களுக்கு மட்டும் தெரியாது. தாகத்தைப் பொறுத்துக்கொண்டோம். அந்தத் தெரியாமையைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த மாதங்களில் ஒருநாள் என் தம்பி மகன், அப்போது அவனுக்குப் பதினாறு வயது, "அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தொடரைப் போட்டான். ஒரு சிறுகோள் பூமியை நோக்கி வருகிறது, இன்னும் ஆறு மாதத்தில் விழப்போகிறது, சில பேருக்கு மட்டும் அது தெரியும். முதல் எபிசோட் முடிவதற்குள் எனக்கு அந்த லாரி வரிசை நினைவுக்கு வந்துவிட்டது. அன்று முதல் மூன்று முறை முழுவதும் பார்த்துவிட்டேன். என்னிடம் சனிக்கிழமை தமிழ் படிக்க வரும் பிள்ளைகளின் பெற்றோர் பலரையும் பார்க்க வைத்தேன். பாதிப் பேர் நாலாவது ஐந்தாவது எபிசோடில் நிறுத்திவிட்டார்கள். நல்ல தொடர், பார்க்கும் முறை தெரியாமல் விட்டுப்போனது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரியான தொடரைக் கண்டுபிடியுங்கள். 'சால்வேஷன்' என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் அதே பெயர் கொண்ட வேறு படங்கள் வந்து நிற்கும். கூடவே 2017 என்ற ஆண்டையும், நாயகனாக நடித்த சாண்டியாகோ கப்ரேராவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2017 ஜூலை 12 அன்று தொடங்கிய தொடர் இது. இரண்டு சீசன், ஒவ்வொன்றிலும் 13 எபிசோட். 2018 செப்டம்பரில் இரண்டாவது சீசன் முடிந்தது. எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. காசு கட்டுவதற்கு முன் இரண்டு சீசனும் இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றை மட்டும் வைத்திருந்தால் வேண்டாம்.

வீட்டில் யாரோடு பார்ப்பது? துப்பாக்கிச் சூடு, கொலை, காதல் எல்லாம் உண்டு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம். பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட உட்கார வையுங்கள். பேச்சு ஆங்கிலம், அதுவும் வேகமான ஆங்கிலம். திரையின் கீழே ஆங்கில வரிகளைப் போட்டுக்கொண்டால் அறிவியல் சொற்கள் தப்பாது. என் அண்ணி ஆங்கிலப் படமே பார்க்காதவர். வரிகளைப் போட்டுக்கொடுத்தேன், இரண்டு எபிசோடுக்கு ஒருமுறை நிறுத்திக் கதையைத் தமிழில் பேசிக்கொண்டோம். கடைசிவரை பார்த்தார்.

ஒரு ராத்திரிக்கு ஒரு எபிசோட் போதும், மிஞ்சினால் இரண்டு. ஒரே மூச்சில் பார்த்தால் இந்தத் தொடர் கெட்டுப்போகும். கதைக்குள் நாட்கள் குறைந்துகொண்டே வருகின்றன. நம் வீட்டிலும் நாள் நகர வேண்டும். காலையில் பஸ்ஸில் போகும்போது நேற்றைய எபிசோட் மண்டைக்குள் ஓட வேண்டும். விளம்பர இடைவெளிக்காக வெட்டப்பட்ட கதை இது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு திடுக்கிடும் திருப்பம் வரும். வரிசையாக ஆறு பார்த்தால் அந்தத் திருப்பங்கள் சலித்துப்போய், கதையே சத்தமாகத் தோன்றும்.

சரி, முதல் எபிசோடுக்கு வருவோம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'தெரிந்தவர்', வலப்பக்கம் 'தெரியாதவர்'. இந்த யோசனை என் தம்பி மகனுடையது, என்னுடையது இல்லை. பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தான். முதலில் எழுதவேண்டிய பெயர் லியம் கோல், கல் வருவதைக் கணக்கில் கண்டுபிடிக்கும் மாணவன், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படிப்பவன். அவன் ஓடிப்போய்ச் சொல்வது டேரியஸ் டான்ஸ் என்ற தொழில்நுட்பக் கோடீஸ்வரனிடம். அரசாங்கப் பக்கத்தில் பாதுகாப்புத் துறையின் ஹாரிஸ் எட்வர்ட்ஸ். அப்புறம் கிரேஸ் பாரோஸ்.

கிரேஸை விடாமல் கவனியுங்கள், தொடரின் உயிரே அவள்தான். ராணுவத் தலைமையகமான பென்டகனின் செய்தித் தொடர்பாளர் அவள். செய்தியை மக்களிடம் சொல்வதுதான் அவள் வேலை, அதற்குத்தான் சம்பளம். அப்படிப்பட்டவளின் கையில் உலகத்திலேயே பெரிய செய்தியைக் கொடுத்து, வாயைத் திறக்காதே என்கிறார்கள். அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். மகள் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது கிரேஸின் முகத்தைப் பாருங்கள். ஜெனிஃபர் ஃபினிகன் அந்த இடங்களில் எதுவும் செய்யாமலே நடித்திருக்கிறார். நோட்டின் வலப்பக்கத்தில் அந்த மகளின் பெயரை எழுதும்போது என் கை ஒரு நொடி நின்றது.

ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஒருவர் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனால் அம்பு போடுங்கள். யார் சொன்னது, ஏன் சொன்னது, சொன்னதால் யார் மாட்டிக்கொண்டார் என்று ஓரிரு சொல். ஐந்தாறு எபிசோடுக்குள் பக்கம் முழுவதும் அம்புகளாக இருக்கும். கல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டிலும் இந்த அம்புகள் எந்தப் பக்கம் பாய்கின்றன என்பதுதான் கதை. கல்லைப் பார்க்க உட்கார்ந்தவர்கள்தான் ஏமாந்து பாதியில் எழுந்துபோனவர்கள். வானம் எரிவது, கடல் பொங்குவது மாதிரிக் காட்சிகள் இதில் குறைவு. அறைகளுக்குள் ஆட்கள் பேசுவதுதான் அதிகம்.

அறிவியலை எந்த அளவு நம்புவது என்ற கேள்வி எல்லோருக்கும் வரும், அதுவும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் நிச்சயம் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தொடரில் 'ஈர்ப்பு இழுவை' என்று ஒரு திட்டம் பேசப்படும். இது கற்பனை இல்லை. எட்வர்ட் லூ, ஸ்டான்லி லவ் என்ற இரண்டு விண்வெளி வீரர்கள் 2005இல் முன்வைத்த யோசனை. கல்லைத் தொடாமல் அதன் பக்கத்தில் ஒரு கலத்தை நிறுத்தி வைத்தால், கலத்தின் சின்ன ஈர்ப்பே கல்லை மெதுவாக, மிக மெதுவாக, வேறு பாதைக்கு இழுக்கும். ஆனால் தொடர் அதோடு சேர்த்துப் பேசும் 'ஈஎம் டிரைவ்' இயந்திரத்தை நம்ப வேண்டாம். எரிபொருளை வெளியே தள்ளாமலே உந்துவிசை தரும் என்று சொல்லப்பட்ட கருவி அது. 2016இல் நாசாவின் ஒரு சிறு குழு சோதித்து ஏதோ விசை தெரிகிறது என்று எழுதியது. தொடர் எழுதப்பட்ட காலத்தில் அந்தப் பேச்சு சூடாக இருந்தது. பின்னால் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் கவனமாக அளந்து பார்த்தபோது விசை எதுவும் இல்லை, அளவுக் கருவிகளின் பிழைதான் என்று 2021இல் தெளிவானது.

ஆறு மாதம் என்பது எவ்வளவு குறைவு என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் கதையின் பதற்றம் புரியும். ஒரு கல்லின் வேகத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் மாற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எறும்பு ஊரும் வேகம். பத்து வருடம் முன்னால் இதைச் செய்தால், நேர்க்கோட்டுக் கணக்கில், கல் சுமார் 3,150 கிலோமீட்டர் விலகும். சூரியனைச் சுற்றும் பாதையில் அது இன்னும் கூடலாம். அதே தள்ளலை ஆறு மாதம் முன்னால் கொடுத்தால் கிடைப்பது வெறும் 158 கிலோமீட்டர். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். நடுமையத்தில் விழ வரும் கல்லை அந்த 158 கிலோமீட்டர் எங்கே கொண்டுபோய் விடும்? டர்பனில் விழவேண்டியது பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டிக் கொஞ்சம் தூரத்தில் விழும், அவ்வளவுதான். இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டேன். ஒரு பையன் எழுந்து, "அப்போ பத்து வருஷம் முன்னாடியே பார்த்திருக்கணும் டீச்சர்" என்றான். அதற்குத்தான் நிஜ உலகம் தொலைநோக்கிகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஒன்று நம் நாட்டிலேயே, கரூ பாலைநிலத்து சதர்லாந்தில் இருக்கிறது. அட்லஸ் என்ற எச்சரிக்கை அமைப்பின் நிலையம் அது, 2022இல் வேலையைத் தொடங்கியது.

தொடர் முடிந்து நாலு வருடத்தில் நிஜமாகவே ஒரு கல்லை இடித்துப் பார்த்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் போய் மோதியது. ஆபத்து எதுவும் இல்லாத கல், சோதனைக்காகத் தேர்ந்தெடுத்தது. சுமார் 160 மீட்டர் அகலம். அது தன் பெரிய துணைக்கல்லைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மோதலுக்குப் பின் அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் தொடர் நிஜத்திலிருந்து ரொம்பவே விலகுகிறது, அது ரகசியம். உண்மையில் சிறுகோள் கணக்குகளைப் பூட்டி வைப்பதில்லை. உலகம் முழுவதும் இருந்து வரும் கணிப்புகள் பொதுவில் வெளியாகின்றன, வீட்டில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கூட எடுத்துப் பார்க்கலாம். 2024 டிசம்பர் 27 அன்று சிலி நாட்டு அட்லஸ் நிலையம் '2024 ஒய்ஆர்4' என்ற கல்லைக் கண்டது. 2032 டிசம்பரில் அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை ஏறி, சில நாட்களில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று இறங்கியது. ஏறியதையும் இறங்கியதையும் உலகமே கூட இருந்து பார்த்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அந்த வாரம் பயமும் வதந்தியும் வந்தன, மூன்றாம் நாளே சரியான எண்ணும் வந்தது. சொல்லிவிட்டால் மக்கள் பைத்தியமாகிவிடுவார்கள் என்று தொடரில் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்தக் காட்சிகளில் கொஞ்சம் நிறுத்தி, இது உண்மையா என்று வீட்டில் பேசுங்கள்.

முதல் சீசனின் நடுவில் ஒரு தொய்வு வரும். ஒற்றர்கள், துரோகிகள், ரஷ்யா, யார் யாரைச் சுட்டது என்று கதை சுற்றிச் சுற்றி ஓடும். கிரேஸ், ஹாரிஸ், டேரியஸ் மூவருக்கும் இடையிலான காதல் சிக்கலும் இழுபடும். எனக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. நிறுத்திவிடாதீர்கள், தாண்டி ஓட்டவும் வேண்டாம். அங்கேதான் நோட்டில் முக்கியமான அம்புகள் விழுகின்றன.

இனி இந்தத் தொடரில் என் மனதை அதிகம் பிசைந்த பகுதி. டேரியஸ் டான்ஸ் ரகசியமாக ஒரு கப்பல் கட்டுகிறான். கல்லைத் தடுக்க முடியாவிட்டால் மனித இனம் அழியாமல் இருக்க, செவ்வாய்க் கோளுக்குப் போகும் விண்கப்பல். அதில் 160 பேருக்குத்தான் இடம். யார் அந்த 160 பேர்? பட்டியல் போடும் வேலைக்கு அவன் அழைத்து வருவது ஜிலியன் ஹேய்ஸ் என்ற இளம் பெண்ணை. அறிவியல் கதை எழுத ஆசைப்படுபவள், அவ்வளவுதான் அவள் தகுதி. மருத்துவர் எத்தனை, பொறியாளர் எத்தனை, வயது என்ன, பிள்ளை பெறுவார்களா என்று ஆட்கள் எண்களாக மாறுவதை அவள் பார்க்கிறாள்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் வீட்டில் இதைச் சாதாரணமாகப் பார்க்க முடியாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு, வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. என் கொள்ளுத்தாத்தாவின் வரி அடங்கிய பக்கத்தின் நகல் எங்கள் முன்னறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. முதலில் எண். அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம். அவருடைய அடையாளக் கட்டத்தில் வலது முழங்காலில் தழும்பு என்று இருக்கிறது. என்ன பாட்டு பிடிக்கும், எதற்குச் சிரிப்பார், ஊரில் யாரை விட்டு வந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஆயா உயிரோடு இருந்தவரை அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்வார்.

ஜிலியன் தன் பட்டியலோடு உட்காரும் காட்சி வந்ததும் நான் திரையை நிறுத்திவிட்டு அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். தம்பி மகன் அதுவரை அதை ஒழுங்காகப் படித்ததே இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தான். "அத்தை, இதுல இவரு என்ன நினைச்சாருன்னு ஒண்ணுமே இல்லையே" என்றான். அன்று அடுத்த எபிசோட் போடவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இருந்தால் இந்தக் கட்டத்தில் வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் பெரியவர்களிடம் கப்பல் பெயரையாவது கேட்டு வையுங்கள். அப்புறம் ஆளுக்கொரு தாளில், கப்பலில் ஏற்றுவதற்கு ஒருவரைப் பற்றி எதையெல்லாம் கேட்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று தாளும் மூன்று விதமாக இருந்தன. அண்ணி எழுதிய முதல் கேள்வி, 'சமைக்கத் தெரியுமா'. இரண்டாவது, 'பகிர்ந்து சாப்பிடத் தெரியுமா'.

இரண்டாவது சீசனுக்குள் போகும்போது நோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது உலகத்துக்கே விஷயம் தெரிந்துவிட்டது, பழைய கோட்டுக்கு வேலை இல்லை. புதுப் பக்கத்தில் இப்படி எழுதுங்கள்: தெரிந்தபின் யார் என்ன செய்தார்? வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த சீசன் நெருக்கமாக இருக்கும். நானூறுக்கு மேற்பட்ட உயிர்களை இழந்தோம். அந்த நாட்களில் கோயில் மண்டபத்தில் அண்டா வைத்துச் சோறு ஆக்கியவர்களையும் பார்த்தோம், தண்ணீர்ப் பாட்டில் விலையை ஏற்றியவர்களையும் பார்த்தோம். தொடரில் இரண்டாவது வகை ஆட்கள் அதிகம், முதல் வகை குறைவு. அது தொடரின் குறை என்றே நினைக்கிறேன். சாதாரணத் தெருவும் சாதாரண அடுப்பங்கரையும் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம். அரசியல் திருப்பங்களில் சில நம்பும்படியாக இல்லை. ஆனால் வேகம் முதல் சீசனைவிட நன்றாக இருக்கிறது, நடிகர்களும் பாத்திரத்துக்குள் ஊறிவிட்டார்கள்.

இந்த சீசன் அமெரிக்காவில் தொடங்கியது 2018 ஜூன் 25. அதற்கு மூன்று வாரம் முன்னால், ஜூன் 2 அன்று, இரண்டு மீட்டர் அளவுள்ள ஒரு நிஜக் கல் நம் பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் வானத்தில் எரிந்து விழுந்தது. விழுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அரிசோனாவில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தீப்பந்தம் நம் வடமேற்கு மாகாணப் பண்ணைகள் வரை தெரிந்தது. அதன் துண்டுகளைக் கலஹாரி வனவிலங்குக் காப்பகத்துக்குள் தேடி எடுத்தார்கள்.

கடைசி எபிசோடுக்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். தொடர் 2018 நவம்பரில் நிறுத்தப்பட்டது. மூன்றாவது சீசன் இல்லை. கடைசிக் காட்சி ஒரு பெரிய கேள்வியை எழுப்பிவிட்டு அப்படியே நிற்கும். அந்தக் கேள்வி என்ன என்பதை இங்கே சொல்லமாட்டேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் கோபம் வராது. தெரியாமல் பார்த்த என் அண்ணன் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நிஜப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிரிட்டோரியாவுக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ட்ஸ்வாயிங் இருக்கிறது. செட்ஸ்வானா மொழியில் 'உப்பு உள்ள இடம்' என்று பொருள். சுமார் 2,20,000 வருடத்துக்கு முன் ஒரு கல் விழுந்து பறித்த குழி, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். எரிமலை வாய் என்று பலர் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள், துளையிட்டு அடிமண்ணை எடுத்துப் பார்த்த பிறகுதான் சந்தேகம் தீர்ந்தது. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் நின்று பார்த்தால் உள்ளே மரங்கள், நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஓர் உப்பு ஏரி. கீழே இறங்கிக் கரை மண்ணைத் தொட்டேன். விரலில் சோப்பு மாதிரி வழுக்கியது. பறவைச் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தென்மேற்கே உள்ள ஃப்ரெடஃபோர்ட் இதைவிடப் பல மடங்கு பெரியது, இருநூறு கோடி வருடப் பழமை, 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஆனால் அங்கே தேய்ந்துபோன மலைகளும் பண்ணைகளும்தான் கண்ணில் படும், பள்ளம் என்று உணர முடியாது. பிள்ளைகளுக்கு முதலில் ட்ஸ்வாயிங்.

இன்னொரு தேதியையும் குறித்து வையுங்கள். 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. முன்னூறு மீட்டருக்கு மேல் உள்ள அபோஃபிஸ் என்ற சிறுகோள் பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோகும். இடிக்காது. அடுத்த நூறு வருடத்துக்காவது அதனால் ஆபத்தில்லை என்று 2021இல் உறுதியாகிவிட்டது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, மேற்கு ஆசியாவில் வானம் தெளிவாக இருந்தால் வெறும் கண்ணாலேயே, நகரும் ஒரு நட்சத்திரம் மாதிரி தெரியும் என்கிறார்கள். மிக அருகில் வருவது நம் நேரப்படி நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால். மறுநாள் சித்திரை வருடப் பிறப்பு, எப்படியும் நம் வீடுகளில் அன்று ராத்திரி அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், ஆட்கள் விழித்திருப்பார்கள். தம்பி மகன் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியை எழுதி, நடுவில் கோடு போடாமல், வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் கீழே வரிசையாக எழுதி வைத்திருக்கிறான்.